ஓசி நெட்வொர்க்கில் ஓடும் தொழில்கள்

தமிழ்நாட்டில் ஒரு சிறுதொழில் முதலாளியைப் பார்த்து, "எதுக்கு சார் ஜெனரேட்டர் வாங்கினீங்க?" என்று யாரும் கேட்பதில்லை. 2012ம் ஆண்டின் மின்வெட்டை அனுபவித்த எவருக்கும் அந்தக் கேள்வியே வராது. பல மாவட்டங்களில் ஒரு நாளில் பாதி நேரத்துக்கும் மேல் கரண்ட் இல்லாமல் கிடந்த காலம் அது. மின்வாரியத்தை மட்டும் நம்பினால் தறி ஓடாது, லேத் சுற்றாது என்று எல்லோருக்கும் புரிந்தது. கடன் வாங்கியாவது ஜெனரேட்டர் வாங்கினார்கள்.

அதே முதலாளியிடம், "உங்கள் கம்பெனியின் நெட்வொர்க் எது?" என்று கேட்டால் என்ன பதில் வரும்? கேபிள்காரர் கொடுத்த ஒரு வைஃபை பெட்டி, ஏழெட்டு வாட்ஸ்அப் குரூப், ஓசியில் கிடைத்த ஒரு மெயில் ஐடி. அவ்வளவுதான். கரண்டுக்கு மாற்று வழி வைத்திருக்கும் மனிதர், பேச்சுக்கு மாற்று வழி வைத்திருப்பதில்லை. இத்தனைக்கும் இன்று ஆர்டர் வருவது, விலை பேசுவது, பில் அனுப்புவது, பணம் வந்ததா என்று பார்ப்பது எல்லாமே அந்த ஒரு கம்பி வழியாகத்தான்!

இது வெறும் கஞ்சத்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. எதைத் தேர்ந்தெடுக்கலாம் என்று யாரும் உட்கார்ந்து யோசிக்கவே இல்லை என்பதுதான் உண்மை. எது கைக்குக் கிடைத்ததோ அதுவே கம்பெனியின் நெட்வொர்க் ஆகிவிட்டது. ஒரு தொழிலுக்கு இதைவிட ஆபத்தான ஏற்பாடு வேறு இல்லை.

இருக்கும் வழிகள் என்னென்ன?

முதலில் அலுவலகத்துக்குள். கணினிகளையும் பிரிண்டரையும் ஒரு ஸ்விட்ச் வழியாக இணைப்பது லேன். இதற்கு இணையமே தேவையில்லை. வெளியே கம்பி அறுந்தாலும் உள்ளே கணக்குப் புத்தகம் திறக்கும், பில் அச்சாகும், கோப்பு ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்குப் போகும். ஆனால் இன்று பல அலுவலகங்களில் நடப்பது என்ன? டிசைன் பிரிவில் இருப்பவர் பக்கத்து மேஜைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்புகிறார். அந்தப் படம் கம்பெனியை விட்டு வெளியேறி, எங்கோ இருக்கும் ஒரு சர்வரைத் தொட்டுவிட்டு, பத்தடி தள்ளியிருக்கும் மேஜைக்கு வந்து சேர்கிறது. சாதாரணமாகப் படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு, தரம் குறைந்துதான் வரும். அதை அப்படியே அச்சுக்குக் கொடுத்துவிட்டு, "கலர் ஏன் சரியில்லை?" என்று அச்சகத்துக்காரரிடம் சண்டை போடுவது தனிக்கதை.

அடுத்தது வெளியே போகும் வழி. இதில் நான்கு வகை முக்கியம்.

1. பிராட்பேண்ட். விலை குறைவு. ஆனால் ஒரே பாதையைப் பலர் பங்கிட்டுக்கொள்கிறார்கள். பழுதானால் எத்தனை மணி நேரத்தில் சரிசெய்வார்கள் என்பதற்குப் பெரும்பாலும் உறுதி கிடையாது.

2. லீஸ்டு லைன். அனுப்பும் வேகமும் பெறும் வேகமும் ஒன்று. அந்த வேகம் முழுவதும் வாங்கியவருக்கே. வருடத்தில் இத்தனை சதவீத நேரம் வேலை செய்யும் என்று ஒப்பந்தம் எழுதித் தருவார்கள். விலை பல மடங்கு.

3. எம்.பி.எல்.எஸ். பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு, சேவை நிறுவனம் தன் சொந்த வலையமைப்புக்குள்ளேயே போட்டுத்தரும் தனிப்பாதை. வங்கிகள் விரும்புவது இதைத்தான்.

4. வி.பி.என். சாதாரண இணையத்தின் மேலேயே மறைகுறியாக்கம் செய்த ஒரு சுரங்கம். கிளை அலுவலகம் சேலத்தில், தலைமை அலுவலகம் ஈரோட்டில் என்றால், இரண்டு பிராட்பேண்ட் இணைப்பும் ஒழுங்கான ரவுட்டர்களும் இருந்தால் போதும். இதற்கான ஓப்பன்விபிஎன், வயர்கார்டு போன்ற மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. வயர்கார்டு 2020ல் லினக்ஸ் கெர்னலிலேயே சேர்ந்துவிட்டது.

இவற்றோடு 4ஜி, 5ஜி சிம் போட்ட டேட்டா இணைப்பும் உண்டு. கம்பி எட்டாத இடங்களுக்கு விசாட் எனப்படும் செயற்கைக்கோள் இணைப்பும் உண்டு. ஆக, வழிகளுக்குப் பஞ்சமே இல்லை. பஞ்சம் யோசனைக்குத்தான்.

ஆறு மணி நேர மௌனம்

2021 அக்டோபர் 4. அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஒரே நேரத்தில் படுத்தன. காரணம் ஹேக்கர்கள் இல்லை. ஃபேஸ்புக்கின் தரவு மையங்களை இணைக்கும் முதுகெலும்பு வலையமைப்பில், பராமரிப்பு வேலைக்காகக் கொடுத்த ஒரு கட்டளை. அப்படிப்பட்ட தவறான கட்டளைகளைத் தடுக்க வேண்டிய மென்பொருளிலேயே ஒரு பிழை. கட்டளை ஓடியது, மையங்களுக்கு இடையிலான இணைப்புகள் எல்லாம் அறுந்தன. அதைப் பார்த்த டி.என்.எஸ். சர்வர்கள், "எங்களை இந்த வழியாக அடையலாம்" என்று இணையத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்த அறிவிப்பைத் தாமாகவே திரும்பப் பெற்றுக்கொண்டன. உலக வரைபடத்திலிருந்து ஃபேஸ்புக் காணாமல் போனது போல ஆகிவிட்டது.

இதில் கவனிக்க வேண்டிய இடம் அடுத்தது. அந்த நிறுவனத்தின் பொறியாளர்கள் பழுதுபார்க்கப் பயன்படுத்தும் உள் கருவிகளும் அதே வலையமைப்பின் மேல்தான் இருந்தன. அவையும் படுத்துவிட்டன. ஆட்களை நேரில் தரவு மையத்துக்கு அனுப்பி, பாதுகாப்புக் கதவுகளைத் தாண்டி உள்ளே போய்ச் சரிசெய்ய வேண்டியதாயிற்று. சுமார் ஆறு மணி நேரம் ஆனது.

இந்தியாவில் அப்போது இரவு ஒன்பது மணி தாண்டியிருந்தது. அதனால் பல கடைக்காரர்களுக்கு அது பெரிதாக உறைக்கவில்லை. ஆனால் அமெரிக்காவில் அது முற்பகல். அமெரிக்க வாங்குபவரிடம் வாட்ஸ்அப்பில் மட்டுமே பேசும் ஒரு ஏற்றுமதியாளருக்கு, அந்த வேலைநாளின் பெரும்பகுதி கையை விட்டுப் போனது. அடுத்த வருடம் அந்த அதிர்ஷ்டமும் இல்லை. 2022 அக்டோபர் 25, தீபாவளிக்கு மறுநாள், நண்பகல் நேரத்தில் வாட்ஸ்அப் சுமார் இரண்டு மணி நேரம் நின்றது. கடைகள் திறந்திருக்கும் நேரத்தில், "எப்போ வரும்?" என்று கேட்பதற்கு ஒரு தொலைபேசி எண் கூடக் கிடையாது. ஓசியில் வாங்கிய பொருளுக்கு யாரிடம் போய்ப் புகார் கொடுப்பது?

காசு கொடுத்தாலும் ஒற்றைக் கால்தான்

"அப்படியென்றால் காசு கொடுத்து நல்ல கம்பெனியில் வாங்கினால் போதுமே" என்று தோன்றலாம். கனடாவின் கதை அதற்குப் பதில் சொல்கிறது.

2022 ஜூலை 8 அன்று அந்நாட்டின் மிகப்பெரிய தொலைத்தொடர்பு நிறுவனங்களில் ஒன்றான ரோஜர்ஸ் முழுவதுமாக நின்றது. ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள். மேம்பாட்டு வேலை நடந்தபோது ஒரு ரவுட்டரில் இருந்த வடிகட்டி நீக்கப்பட்டது. தகவல் வெள்ளமாகப் பாய்ந்து, மையத்தில் இருந்த ரவுட்டர்கள் மூழ்கின. செல்போனுக்கும் வீட்டு இணையத்துக்கும் மையம் ஒன்றே என்பதால் இரண்டும் சேர்ந்தே விழுந்தன. பழுதுபார்க்க வேண்டிய ஊழியர்களே ஒருவரோடு ஒருவர் பேச முடியாமல் தவித்தார்கள், ஏனென்றால் அவர்கள் கையில் இருந்ததும் ரோஜர்ஸ் இணைப்புதான்!

இதைவிடக் கொடுமை, இன்டராக் என்ற அமைப்புக்கு நேர்ந்தது. கனடாவில் டெபிட் கார்டுப் பணப்பரிமாற்றம் நடப்பது அதன் வழியாகத்தான். அதன் வலையமைப்பு ரோஜர்ஸை நம்பியிருந்தது. ஆகவே ரோஜர்ஸோடு எந்தத் தொடர்பும் இல்லாத கடைக்காரரின் கார்டு மெஷினும் நின்றது. இன்டராக் அதற்குப் பிறகுதான் இன்னொரு சேவை நிறுவனத்தையும் சேர்த்துக்கொள்வதாக அறிவித்தது. ஒரு நாட்டின் பணப் போக்குவரத்தைச் சுமக்கும் அமைப்பே கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்தது என்றால், இருபது பேர் வேலை செய்யும் பனியன் கம்பெனியைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது?

சென்னைக்கும் இந்த அனுபவம் உண்டு. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வந்தபோது ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. தெருவில் தொங்கிக்கொண்டிருந்த கேபிள்கள் அறுந்தன. செல்போன், இணையம் இரண்டும் தடுமாறின. பணமதிப்பிழப்பு அறிவித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கையில் ரொக்கம் இல்லை, கார்டு தேய்க்க இணைப்பும் இல்லை. ஒரே வழியை நம்பிய கடைக்காரருக்கு அன்று விற்க அரிசி இருந்தும் விற்க முடியவில்லை.

ஒரு சின்னக் கணக்கு

ஒரு இணைப்பு 99 சதவீத நேரம் வேலை செய்கிறது என்றால் பிரமாதம் போலத் தோன்றும். ஒரு வருடத்துக்கு 8,760 மணி நேரம். அதில் ஒரு சதவீதம் 87.6 மணி நேரம். அதாவது மூன்றரை நாளுக்கும் மேல் இணைப்பு இல்லை. 99.9 சதவீதம் என்று ஒப்பந்தம் போட்டுப் பல மடங்கு பணம் கொடுத்தால், அது சுமார் 8 மணி 45 நிமிடமாகக் குறையும்.

இப்போது இப்படிப் பாருங்கள். 99 சதவீதமே வேலை செய்யும் இரண்டு மலிவான இணைப்புகள். ஒன்றுக்கொன்று எந்தச் சம்பந்தமும் இல்லாதவை. இரண்டும் ஒரே நேரத்தில் படுப்பதற்கான வாய்ப்பு நூறில் ஒன்றில் நூறில் ஒன்று. வருடத்துக்குச் சுமார் 53 நிமிடம்தான்! ஒரு விலையுயர்ந்த லைனை விட, இரண்டு சாதாரண லைன்கள் மேல். இரண்டையும் செருகக்கூடிய ரவுட்டர் சில ஆயிரம் ரூபாய்தான். ஒன்று போனால் அதுவே இன்னொன்றுக்கு மாறிக்கொள்ளும்.

ஆனால் 'சம்பந்தமில்லாத' என்ற சொல்லில்தான் சூட்சுமம் இருக்கிறது. இரண்டு கம்பெனிகளிடம் வாங்கிவிட்டு, இரண்டு கேபிளும் ஒரே கம்பத்தில் தொங்கினாலோ, ஒரே பள்ளத்தில் புதைந்திருந்தாலோ பயனில்லை. ஒரு ஜே.சி.பி. போதும், இரண்டும் காலி. 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாண்ட்ரியாவுக்கு அருகே நடந்ததும் இதே போலத்தான். ஐரோப்பாவையும் ஆசியாவையும் இணைக்கும் இரண்டு கடலடிக் கேபிள்கள் ஒரே நாளில் அறுந்து, இந்தியாவின் இணையம் வெகுவாக மந்தமானது. இரண்டு பெயர், இரண்டு முதலாளி, ஆனால் பாதை ஒன்று. ஆகவே ஒன்று கம்பியில் வந்தால் மற்றொன்று காற்றில் வரட்டும். பிராட்பேண்ட் ஒரு நிறுவனத்துடையது என்றால், சிம் வேறொரு நிறுவனத்துடையதாக இருக்கட்டும்.

முகவரி யாருடையது?

வழியை விட முக்கியமானது முகவரி. கடைக்குப் பெயர்ப்பலகை எழுத ஆயிரக்கணக்கில் செலவு செய்யும் முதலாளிகள், சொந்த டொமைன் பெயருக்கு வருடம் ஆயிரம் ரூபாய் வாக்கில் செலவு செய்யத் தயங்குகிறார்கள். லெட்டர்ஹெட்டில் ஓசி மெயில் ஐடியை அச்சடித்துக்கொண்டு, வெளிநாட்டு வாங்குபவரிடம் லட்சக்கணக்கில் வியாபாரம் பேசுகிறார்கள்.

இதன் ஆபத்து கற்பனை அல்ல. ஒரு எழுத்தை மட்டும் மாற்றி அதே போல ஒரு ஓசி ஐடியை எவரும் ஐந்து நிமிடத்தில் உருவாக்கலாம். "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் பணம் போடுங்கள்" என்று ஒரு கடிதம் போதும். இந்த வகை மோசடியில் 2023ல் மட்டும் சுமார் 290 கோடி டாலர் பறிபோனதாக அமெரிக்காவின் எஃப்.பி.ஐ.க்குப் புகார்கள் வந்தன. சொந்த டொமைன் இருந்தால் எஸ்.பி.எஃப்., டிகிம், டிமார்க் என்ற மூன்று பதிவுகளைச் செய்து, அந்தப் பெயரை அப்படியே போட்டு வரும் போலிக் கடிதங்களைத் தடுக்கலாம். அதற்கும் மேல், கணக்கு எண் மாறினால் போனில் கூப்பிட்டு உறுதி செய்யாமல் பணம் போடக் கூடாது என்று இரு தரப்பும் முன்பே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். எந்த மென்பொருளும் இந்தப் பழக்கத்துக்கு ஈடாகாது.

வாட்ஸ்அப் எண்ணும் சொந்தமல்ல. 2023 ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை, ஒவ்வொரு மாதமும் இந்தியாவில் 70 லட்சத்துக்கு மேற்பட்ட கணக்குகளை முடக்கியதாக வாட்ஸ்அப்பே தன் மாத அறிக்கைகளில் சொன்னது. அவற்றில் மோசடிக் கணக்குகள் ஏராளம், சந்தேகமில்லை. ஆனால் தவறுதலாக அதில் சிக்கும் ஒரு நேர்மையான வியாபாரி என்ன செய்வார்? மறுபரிசீலனை கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். அதுவரை அவர் கடை மூடியதற்குச் சமம்.

மின்னஞ்சல் அப்படியல்ல. சேவை நிறுவனம் பிடிக்கவில்லையா? டொமைனை எடுத்துக்கொண்டு வேறு நிறுவனத்துக்குப் போகலாம். வாடிக்கையாளருக்குத் தெரியவே தெரியாது, முகவரி அதேதான். எந்த நிறுவனத்தின் மெயிலிலிருந்தும் எந்த நிறுவனத்தின் மெயிலுக்கும் கடிதம் போகும். 1982லேயே இதற்கான பொது விதிமுறை எழுதப்பட்டுவிட்டது. அரட்டைச் செயலிகளை அப்படித் திறந்துவிடச் சொல்ல ஐரோப்பிய ஒன்றியத்துக்கு ஒரு தனிச் சட்டமே தேவைப்பட்டது. அந்தக் கடமைகள் நடைமுறைக்கு வந்ததே 2024 மார்ச்சில்தான். 'பழைய' மின்னஞ்சல் நாற்பது வருடமாகச் செய்வதைப் 'புதிய' செயலிகளைச் சட்டம் போட்டுச் செய்யவைக்க வேண்டியிருக்கிறது!

ஊழியர் போனால் கம்பெனியும் போகும்

விற்பனைப் பிரிவில் ஒருவர் ஐந்து வருடம் வேலை பார்க்கிறார். வாடிக்கையாளர்களோடு பேசிய பேச்செல்லாம் அவருடைய சொந்த போனில், சொந்த எண்ணில். யாருக்கு என்ன விலை, யார் எவ்வளவு பாக்கி, யாருக்கு எந்த ரகம் பிடிக்கும் என்பதெல்லாம் அங்கேதான். ஒருநாள் அவர் வேலையை விடுகிறார். போனை எடுத்துக்கொண்டு போகிறார். அவர் மேல் தப்பில்லை, அது அவருடைய போன். கம்பெனியின் ஐந்து வருட ஞாபகம் அவரோடு பஸ் ஏறிவிடுகிறது.

மறுபக்கமும் உண்டு. ஊழியரின் சொந்த போனைக் கம்பெனி நெட்வொர்க் ஆக்கிவிட்டதால், அவருக்கு ராத்திரி பத்து மணிக்கும் முதலாளியின் குரல் செய்தி வருகிறது. மகளின் பள்ளிக்கூடப் படத்துக்குப் பக்கத்திலேயே கம்பெனியின் இன்வாய்ஸ். போன் அவர் காசில், ரீசார்ஜ் அவர் காசில், வேலை மட்டும் கம்பெனிக்கு. இந்த 'இலவச' நெட்வொர்க்குக்கான பில்லை யார் கட்டுகிறார்கள் என்று இப்போது புரியும். கூடவே, 2023ல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வாடிக்கையாளரின் விவரங்களுக்கு நிறுவனத்தைத்தான் பொறுப்பாக்குகிறது. அந்த விவரங்கள் பதினைந்து ஊழியர்களின் போன்களில் சிதறிக் கிடந்தால் நிறுவனம் எதைப் பாதுகாக்கும்?

வழக்கமான சாக்குகள்

"நாங்க சின்ன கம்பெனி சார், இதெல்லாம் பெரிய ஆளுங்களுக்கு." ஒரு நாள் வியாபாரம் நின்றால் பெரிய கம்பெனி தாங்கும், சின்ன கம்பெனிதான் தாங்காது. ஆகவே மாற்று வழி முதலில் தேவைப்படுவது சின்னவருக்குத்தான்.

"வாடிக்கையாளர் எல்லாரும் வாட்ஸ்அப்லதானே இருக்காங்க?" இருக்கட்டும். அங்கே அவர்களிடம் பேசக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. வாசலில் நின்று யாரோடும் பேசலாம், ஆனால் பீரோவை வாசலில் வைக்கலாமா? விசாரணை வாட்ஸ்அப்பில் வரட்டும். விலையும் ஆர்டரும் கணக்கும் கம்பெனியின் மெயிலில் உறுதியாகட்டும். வாட்ஸ்அப் எண் கம்பெனி பெயரில் வாங்கிய சிம்மில், கம்பெனி போனில் இருக்கட்டும்.

"இதுக்கெல்லாம் ஆள் வைக்கணுமே?" கேள்வியில் நியாயம் உண்டு. சொந்த மெயில் சர்வரை அலுவலகத்தில் வைத்துக் கட்டிக் காப்பது சின்ன நிறுவனத்துக்குத் தலைவலிதான், அது தேவையும் இல்லை. சொந்த டொமைனை வைத்துக்கொண்டு மெயில் சேவையை மாத வாடகைக்கு எடுக்கலாம். சர்வர் வாடகைக்கு இருக்கலாம், முகவரி மட்டும் சொந்தமாக இருக்க வேண்டும். அந்த டொமைனும் வெப்சைட் செய்துகொடுத்த பையன் பெயரில் இல்லாமல் கம்பெனி பெயரில் பதிவாகியிருக்க வேண்டும்.

விற்பவர்களையும் விடக் கூடாது

தவறு வாங்குபவர் மேல் மட்டும் இல்லை. நெட்வொர்க் விற்பவர்கள் இரண்டே கதைதான் சொல்கிறார்கள். ஒன்று, 'எல்லாம் ஃப்ரீ'. இன்னொன்று, பத்துப் பேர் வேலை செய்யும் இடத்துக்கு லீஸ்டு லைன், எம்.பி.எல்.எஸ்., ஒரு அலமாரி நிறைய இயந்திரங்கள் என்று பல லட்சத்துக்கு ஒரு கொட்டேஷன். அதைப் பார்த்துப் பயந்தவர் மறுபடியும் ஓசிக்கே ஓடுகிறார். நடுவில் இருக்கும் நல்ல வழியைச் சொல்ல ஆளில்லை, ஏனென்றால் அதில் யாருக்கும் பெரிய லாபமில்லை.

அந்த நடுவழி இவ்வளவுதான். உள்ளே ஒழுங்கான ஒரு லேன். வெளியே வெவ்வேறு பாதையில் வரும் இரண்டு இணைப்புகள். கம்பெனி பெயரில் ஒரு டொமைன், அதில் மெயில். கிளைகள் இருந்தால் ஒரு வி.பி.என். முக்கிய வாடிக்கையாளர்களின் பெயர், எண், மெயில் முகவரி அடங்கிய பட்டியல் ஒன்று, காகிதத்தில் அச்சடித்து மேஜை டிராயரில். மாதத்தில் ஒருநாள் முதல் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, இரண்டாவதில் வேலை நடக்கிறதா என்று பார்ப்பது. ஜெனரேட்டரையும் இப்படித்தானே மாதம் ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறார்கள்?

ஓசியில் கிடைப்பதை உபயோகிப்பதில் தவறில்லை. அதை மட்டுமே நம்பி இருபது குடும்பங்களின் சம்பளத்தைக் கட்டித் தொங்கவிடுவதுதான் தவறு. கயிறு அறுந்தால் கயிற்றின் சொந்தக்காரருக்கு நஷ்டமில்லை. சனிக்கிழமை சாயங்காலம் வாரக் கூலிக்காக வரிசையில் நிற்பவருக்குத்தான் நஷ்டம். அவருக்குப் பதில் சொல்ல வேண்டியது வாட்ஸ்அப் அல்ல, முதலாளிதான்.